ஐம்பத்திரண்டு ரூபாய் எப்படிக் கட்டுப்படியாகிறது?

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் ஷ்யாம்சுந்தர் அவர்களே! ஜெபம் செய்து இந்தக் கூட்டத்தைத் தொடங்கி வைத்த போதகர் ஐயா அவர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஏசுதாசன் சாரின் துணைவியார் ஆசிரியை சரோஜினி அம்மா அவர்களே! மகள் ஜென்சி அவர்களே! அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு சிறுசேரியிலிருந்து வந்திருக்கும் நிர்வாக மேலாளர் ஸ்ரீவித்யா மேடம் அவர்களே! ஏசுதாசன் சார் ஷெட்டிலிருந்து சீருடையோடு வந்திருக்கும் தாய்மார்களே! பழைய கணினி, பழைய டிவி, பழைய யு.பி.எஸ். வாங்கிப் பிரித்து வயிறு வளர்க்கும் என் தொழில் நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களும் இங்கே இருப்பீர்கள். மேடை கிடைத்தால் விடாத துளசிங்கம்தான் பேசுகிறேன். பதினான்கு வருடமாக இந்தச் சங்கத்தின் செயலாளர். பதினான்கு வருடமாக ஏசுதாசன் சாருக்குப் போட்டியாளர். அவர் ஷெட் இரும்புலியூரில், என் ஷெட் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. அவர் விலை கொடுத்த இடத்தில் எல்லாம் நானும் விலை கொடுத்திருக்கிறேன்.

வாசலில் பேனர் பார்த்திருப்பீர்கள். ‘நேர்மைச் செம்மல் ஏசுதாசன்’ என்று போட்டிருக்கிறோம். நான்தான் எழுதிக் கொடுத்தேன். உயிரோடு இருந்தபோது அவரை அப்படி யார் கூப்பிட்டோம்? சொல்லுங்கள், யார் கூப்பிட்டோம்? நம் சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘முப்பத்தெட்டு’. எந்த நிறுவனம் கலப்புச் சரக்குக்கு விலை கேட்டாலும் கிலோவுக்கு முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்றுதான் எழுதுவார். அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏற மாட்டார். ‘முப்பத்தெட்டு வந்துட்டாருடா’ என்று சொல்லிச் சிரிப்போம். அவர் காதில் விழும். அவரும் சிரிப்பார்.

இங்கே பல பேர் நம் தொழிலுக்கு வெளியே இருந்து வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். நிறுவனங்கள் கழித்துப் போடும் சாமான்களை நாங்கள் சும்மா எடுத்துப் போவதில்லை. கிலோவுக்கு இவ்வளவு தருகிறேன் என்று உறையில் எழுதிக் கொடுப்போம். யார் அதிகம் எழுதுகிறாரோ அவருக்குச் சரக்கு. பிரித்தால் தாமிரம் வரும், அலுமினியம் வரும், சர்க்யூட் போர்டு வரும். அதையெல்லாம் விற்கலாம். ஆனால் பழைய கனமான மானிட்டர் இருக்கிறதே, அதன் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். முறையாக அழிக்கிற ஆலைக்கு நாம்தான் பணம் கட்டி அனுப்ப வேண்டும். ஆக, உறையில் எழுதும் விலையில் அந்தச் செலவும் அடங்க வேண்டும், தொழிலாளர்களின் பி.எஃப்., கையுறை, முகக்கவசம், புகை வெளியேற்றும் இயந்திரம் எல்லாம் அடங்க வேண்டும். இதையெல்லாம் அடக்கிப் பார்த்தால் முப்பத்தெட்டுதான் வரும். எனக்கும் அது தெரியும். இந்த மேடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அவர் விலை கொடுக்கும் விதமே தனி. நாங்கள் நிறுவனம் அனுப்பும் போட்டோவைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, டீ குடித்துக்கொண்டே விலை எழுதிவிடுவோம். அவர் கிடங்குக்கே போவார். சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பார். யு.பி.எஸ்.ஸில் பேட்டரி இருக்கிறதா, லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா, மூலையில் தார்ப்பாய் போட்டு என்ன மூடியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். செக்யூரிட்டிகளுக்கெல்லாம் அவரைக் கண்டால் பேஜார். ‘இந்த சாரு வந்தா சாயங்காலம் வரிக்கும் சாவிய கையிலயே வெச்சிகினு நிக்கணும்’ என்று ஒருவர் என்னிடமே அலுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளம் யாருக்கு மறக்கும்? முடிச்சூர் பக்கம் தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் நாங்கள் எல்லோரும் மினி லாரியோடு தெருத் தெருவாகப் போனோம். சேவை செய்யவா? இல்லை. நனைந்த டிவி, மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று போனோம். அதே தெருவில் ஏசுதாசன் சாரும் லாரியோடு நிற்கிறார். லோகநாயகி என்று ஓர் அம்மா, மிக்ஸியையும் கிரைண்டரையும் கொண்டுவந்து என் வண்டியில் வைக்கப் போனார். இவர் குறுக்கே வந்தார். ‘அம்மா, குடுக்காதீங்க. மோட்டாரைக் கழற்றி நாலு நாள் வெயில்ல வையுங்க. ஓடும்’ என்றார். அவ்வளவுதான், தெருவே சாமான்களைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு என் வண்டி பாதி காலியாகத் திரும்பியது. நான் அவரைத் திட்டிய திட்டுகளை இந்தச் சபையில் சொல்ல முடியாது. எது நிஜமாகவே வீணாகிவிட்டதோ அதை மட்டும் அவர் வாங்கினார். அதையும் விலை கொடுத்து வாங்கினார்.

அதோ, பொன்னியம்மாள் உட்கார்ந்திருக்கிறார். முன்பு ஒரு பட்டறையில் உலோகம் எடுக்கப் போர்டு எரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தவர். அந்தப் புகையில் இருமி இருமி அரை ஆளாகிவிட்டவர். ஏசுதாசன் சார் ஷெட்டுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. போன வாரம் துக்கம் விசாரிக்கப் போனபோது என்னிடம் சொன்னார்: ‘எங்க சாரு ஒரு நாளும் நெருப்ப மூட்டினதில்ல நைனா. கையில ஸ்பேனர குடுத்து, மெதுவா கயட்டு பொன்னி, அவசரம் இன்னாத்துக்குன்னுதான் சொல்வாரு. இப்ப நாங்க இருவத்திரண்டு பேரும் எங்க போவோம்?’

அவர்களை அப்படிக் கேட்க வைத்தது யார்? இன்று அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஜனவரி மாதம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டலின் மாடியில், நம் சங்கத்துக்காரர்கள் ஒன்பது பேர் கூடினோம். வழக்கமாகக் கூடுவதுதான். எந்த ஏலத்தை யார் எடுப்பது, யார் ஒப்புக்குக் குறைத்து எழுதுவது என்று பேசி முடிப்போம். ஏசுதாசன் சார் ஒரு முறை கூட அந்த மாடிப்படி ஏறியதில்லை. ‘துளசி, போட்டின்னா போட்டியா இருக்கட்டும். கூடி உக்காந்து விலை பேசறதுக்கு என்னைக் கூப்பிடாத’ என்பார். அன்று நாங்கள் பேசியது அவரைப் பற்றித்தான். சிறுசேரி நிறுவனத்தின் ஒப்பந்தம் ஆறு வருடமாக அவரிடம் இருந்தது. அவர் ஷெட்டுக்கு அதுதான் மூச்சு. அதை ஒரே ஒரு முறை பிடுங்கிவிட்டால் அவர் தாங்க மாட்டார், ஷெட்டை மூடிவிடுவார். அதன் பிறகு எல்லா நிறுவனங்களுக்கும் நாம் வைப்பதுதான் விலை, இருபதுக்கே எடுக்கலாம். இதுதான் திட்டம். யார் விலையை ஏற்றி எழுதுவது? துளசிங்கம் எழுதட்டும் என்றார்கள். சரி என்றேன்.

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கமாக’ என்று எழுதியிருக்கிறது. தலைவரே, பதினான்கு வருடத்தில் நான் மணிக்கணக்காகப் பேசியபோதெல்லாம் உங்களிடமிருந்து சீட்டு வந்ததில்லை. இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் சொல்ல மாட்டேன். என் பெயரை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நான் உறையில் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். முப்பத்தெட்டு எங்கே, ஐம்பத்திரண்டு எங்கே! ஸ்ரீவித்யா மேடம், அப்போது நீங்கள் ஏசுதாசன் சாரைக் கூப்பிட்டு, ‘சார், அவர் ஐம்பத்திரண்டு தரார், நீங்க ஏன் தர முடியாது?’ என்று கேட்டீர்கள். அவர் உங்களுக்குச் சொன்ன பதிலை நீங்களே இன்று வாசலில் என்னிடம் சொன்னீர்கள். ‘மேடம், அந்த விலை எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு அவர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.’ நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று சொல்லிக் கண் கலங்கினீர்கள். கேட்டிருந்தால் மட்டும் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? நல்லதாக ஒரு பொய் சொல்லியிருப்பேன், மேடம்.

சரக்கு வந்தது. பதினோரு டன். பட்டியலில் ‘கணினி உபகரணங்கள், கலப்பு’ என்று இருந்தது. போட்டோவில் சர்வரும் லேப்டாப்பும் பளபளத்தன. நான் கிடங்குக்குப் போய்ப் பார்க்கவில்லை. அவரைத் தள்ளிவிடுகிற அவசரத்தில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. லாரியிலிருந்து இறக்கினால், பழைய பயிற்சி மையத்தில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கனமான மானிட்டர்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, நானூற்றுப் பன்னிரண்டு! சரக்கில் பாதி எடை அதுதான். ஐம்பத்திரண்டு ரூபாய் கொடுத்து நான் விஷக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். ஆலைக்கு முறைப்படி அனுப்பினால் அந்த வருடம் முழுக்க நான் சம்பாதிப்பதெல்லாம் போய்விடும்.

அப்போது ஒரு ஆள் வந்தான். ‘மொத்தத்தையும் நான் தூக்கிக்கறேன் சார், நீங்க ஒண்ணும் தர வேணாம்’ என்றான். எங்கே கொண்டு போகிறாய் என்று நான் கேட்கவில்லை. நண்பர்களே, ஐம்பத்திரண்டு ரூபாய் இப்படித்தான் கட்டுப்படியாகிறது. எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்காமல் இருந்தால் கட்டுப்படியாகும். மூன்று நாளில் ஷெட் காலி. பதினோரு டன்னும் விதிமுறைப்படி மறுசுழற்சி செய்யப்பட்டது என்று நான் சான்றிதழ் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி சிறுசேரிக்கு அனுப்பினேன்.

பேனரில் ‘பணியின்போது காலமானார்’ என்று போட்டிருக்கிறோமே, எந்தப் பணி என்று யாராவது கேட்டீர்களா? ஷெட்டில் இறந்தார் என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. வண்டலூருக்கு அப்பால், தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரியின் கரையில் இறந்தார்.

அவர் சபையைச் சேர்ந்த தாவீது என்பவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அந்தக் குவாரியில் தண்ணீர் பிடித்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஊற்றுவது அவர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏசுதாசன் சாரிடம் வந்து, ‘அண்ணே, குவாரி ஓரமா டிவி பொட்டி கண்ணாடியா கொட்டி வெச்சிகீறாங்கண்ணே. பாதி தண்ணிக்குள்ள கீது. அந்தத் தண்ணிய நான் ஜனங்களுக்கு ஊத்தலாமா?’ என்று கேட்டிருக்கிறார். சார் அங்கிருந்தே நேராகக் குவாரிக்குப் போயிருக்கிறார். தாமிரச் சுருளை மட்டும் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கூடுகளில் சிறுசேரி நிறுவனத்தின் ஸ்டிக்கர். யார் சரக்கு என்று அவருக்குப் புரியாமல் இருக்குமா?

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். ‘துளசி, சிறுசேரி லாட்ல மானிட்டர் எத்தனை இருந்தது?’ என்றார். ‘அதெல்லாம் செட்டில் ஆயிடுச்சு சார்’ என்றேன். ‘எங்க செட்டில் ஆச்சு?’ என்றார். கோபமே இல்லாத குரல். நான், ‘சார், சிக்னல் இல்ல, கேக்கல’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நன்றாகக் கேட்டது. அந்தக் கேள்விதான் அவர் என்னோடு பேசிய கடைசி வார்த்தை.

மறுநாளிலிருந்து அவர் தன் சிறிய லாரியில் அந்தக் கண்ணாடியை அள்ளி எடுத்துவர ஆரம்பித்தார். அவர் சரக்கா? இல்லை. அவருக்கு ஒப்பந்தம் இருந்ததா? இல்லை. கையில் பணம் இருந்ததா? என்னால் அதுவும் இல்லை. இரண்டு லோடு கொண்டுவந்து ஆலைக்குத் தன் செலவில் அனுப்பியிருக்கிறார். மூன்றாவது லோடு ஏற்றும்போது, போன மாதம் பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாவீதின் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. வயது அறுபத்தொன்று.

நான் கொட்டியதைத்தான் அவர் அள்ளினார். நான் கொட்டியதை அள்ளும்போதுதான் செத்தார். இதைச் சொல்லாமல் எப்படி அவருக்கு மாலை போடுவேன்?

இன்று காலை அவர் வீட்டுக்குப் போய் சரோஜினி அம்மாவிடமும் ஜென்சியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. சரோஜினி அம்மா சொன்னார்கள்: ‘மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கம்ப்ளெயின்ட் குடுங்கன்னு நான்தான் அவர்கிட்ட சண்டை போட்டேன். துளசிங்கத்துக்கிட்ட பதினாலு பேர் வேலை பாக்கறாங்க, சீல் வெச்சுட்டா அவங்க என்ன பண்ணுவாங்க, முதல்ல கண்ணாடிய எடுத்துடறேன், அப்புறம் அவனைக் கூப்பிட்டுப் பேசறேன்னார்.’ அவர் அப்படி நினைத்தது சரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்றே புகார் கொடுத்திருந்தால் நான் மாட்டியிருப்பேன், அவர் இருந்திருப்பார். ஒரு மாதமாக நான் தூங்கவில்லை. யோசிக்க யோசிக்க அவர் மேல் கோபம்கூட வருகிறது. ஏன் சார் எனக்குப் பாவம் பார்த்தீர்கள்? உங்களை ஒழிக்க விலை எழுதியவனுக்கு ஏன் பாவம் பார்த்தீர்கள்?

காலில் விழப் போனேன். சரோஜினி அம்மா விடவில்லை. ‘எங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு மனசை லேசாக்கிக்கிட்டுப் போயிடாதீங்க. சாயங்காலம் மேடையில நீங்கதானே பேசறீங்க? அங்க சொல்லுங்க’ என்றார்கள். அதனால்தான் சொல்கிறேன். அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் வழக்கம்போல நேர்மைச் செம்மல், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று பேசிவிட்டு இறங்கியிருப்பேனோ என்னவோ. என்னை எனக்குத் தெரியும்.

கடைசி வரிசையில் என் ஷெட்டைச் சேர்ந்த பதினான்கு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது. தம்பிகளே, தங்கைகளே, உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இன்று மதியம் கடிதம் கொடுத்துவிட்டேன். அந்தச் சான்றிதழ் பொய், கையெழுத்து என்னுடையது, சரக்கு குவாரியில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறேன். என் உரிமம் போகும். வழக்கும் வரலாம். ஸ்ரீவித்யா மேடம், அதன் நகல் உங்கள் மேஜைக்கு நாளை வரும். நீங்கள் என் ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இனி யாராவது ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தால், தயவு செய்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

இந்தப் பதினான்கு பேரை அவர் ஷெட்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஜென்சியிடம் காலையில் கேட்டேன். ‘அதை இப்போ கேக்காதீங்க அங்கிள்’ என்றாள். நியாயம்தான். ஏற்கெனவே இருக்கிற இருபத்திரண்டு பேருக்கே அவள் வழி தேட வேண்டும். அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டவன் நான்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி சொல்ல வைப்பது செயலாளரின் வேலை. நண்பர்களே, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உங்கள் சார்பில் உறுதி சொல்ல என்னால் முடியாது. எனக்காக மட்டும் சொல்கிறேன்.

காலையில் அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அவர் குவாரிக் கண்ணாடியை எண்ணி எழுதிவைத்த நோட்டை ஜென்சி கொண்டுவந்து காட்டினாள். எடுத்தது இருநூற்று அறுபத்தெட்டு, பாக்கி நூற்று நாற்பத்து நான்கு என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. நாளைக்கே லாரி ஏற்பாடு செய்கிறேன், ஆட்களை அனுப்புகிறேன் என்று சொன்னேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, ‘திரும்பவும் ஆள் வெச்சா அங்கிள்?’ என்று கேட்டாள்.

இல்லை, ஜென்சி. நாளைக் காலை ஏழு மணிக்கு நான் போகிறேன். நூற்று நாற்பத்து நான்கையும் என் கையால் தூக்குகிறேன்.